இடத்தை விடாதீங்க சார்

பந்து வடக்குக்கும் நடுவுக்கும் இடையில் புகுந்து, இருவர் முழங்கையையும் உரசாமல், நிதானமாகப் போய்க் கூடைக்குள் விழுந்தது. தூக்கிய கையை இறக்காமலேயே இருவரும் திரும்பி அதைப் பார்த்தார்கள்.

"அது உங்க ஏரியா," என்றார் நடு.

"என்னோடது அந்தச் சாக்கடை மூடி வரைக்கும்தான். பந்து மூடிக்கு அந்தப் பக்கம் போச்சு," என்றார் வடக்கு அம்மா.

"அந்தப் பக்கம்னா நான் நிக்கிற பக்கமா, நீங்க நிக்கிற பக்கமா?"

"நான் நிக்கிற பக்கம்னா நான் ஏன் அந்தப் பக்கம்னு சொல்றேன்?"

பந்து உருண்டு, அலுவலக முற்றத்தில் பழைய குழாய்கள் குவிந்து கிடந்த மூலையில் போய் ஒளிந்துகொண்டது. யாரும் எடுக்கப் போகவில்லை. குழாய்க் குவியல் யாருடைய ஏரியாவிலும் வரவில்லை.

ஒரு கையில் டீ கிளாஸைப் பிடித்தபடி மறுகையால் பந்தை எறிந்த லிப்ட்காரர், கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துகொண்டார்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஐந்து மேசைகள். ஊரை ஐந்து துண்டாக வெட்டி, மேசைக்கு ஒரு துண்டு என்று யாரோ ஒரு மகராசன் எந்தக் காலத்திலோ எழுதிவைத்துவிட்டுப் போனான். அன்று முதல் அங்கே உட்காருகிறவர்களுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் உதிர்ந்து, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என்பதே பெயர் ஆகிவிட்டது. ஒரு தெருவில் குழாய் உடைந்தால் அந்தத் துண்டுக்காரர் பார்ப்பார். இரண்டு துண்டுக்கு எல்லையான தெருவில் உடைந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். தண்ணீர்தான் பாவம், தான் எந்தப் பகுதி என்று தெரியாமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

நம்மவர் நடு. ஐம்பத்திரண்டு வயது, சற்றே தொப்பை, யாரிடமும் கோபித்துக்கொள்ளத் தெரியாத முகம். பத்தொன்பது வருஷமாக அதே நடு மேசை.

ஊருக்கெல்லாம் ஒழுகலை அடைக்கிற அலுவலகத்தில் மேல்மாடிக் கூரையே ஒழுக ஆரம்பித்ததில்தான் எல்லாம் தொடங்கியது. அந்த மாடியில் இருந்தவை புகார்ப் பிரிவும் புது இணைப்புப் பிரிவும். ஒழுகாத பாதியில் ஒரு பிரிவுக்குத்தான் இடம். இன்னொன்று ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துணைக் கட்டடத்துக்குப் போக வேண்டும். போக முடியாததற்கு இரு பிரிவும் மாறி மாறி விளக்கம் எழுதின. கோப்பு தலையணை கனத்துக்கு வளர்ந்தது. அப்போது வந்து சேர்ந்தார் புது அதிகாரி. ஆறடி இரண்டு அங்குலம். ஒரு காலத்தில் கூடைப்பந்து ஆடியவர்.

"எழுதி ஜெயிக்கறதுன்னா ரெண்டு பேரும் ஜெயிப்பீங்க, அதுதானே உங்க தொழில்," என்றார். "ஆடித் தீத்துக்குங்க. பிரிவுக்கு அஞ்சு பேர். தோத்தவங்க அங்க போகணும். மூணு வாரம் டைம்."

மற்ற நால்வருக்கும் கவலை ஒன்பது கிலோமீட்டரைப் பற்றி. நடுவின் கவலை வேறு. எதிரணியான இணைப்புப் பிரிவில் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருப்பது அவருடைய மனைவி.

பத்தொன்பது வருஷமாக இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து, ஒரே ஸ்கூட்டரில் போகிறார்கள். மத்தியானம் பம்ப் அறைக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். அவள் டப்பாவிலிருந்து அவர் எடுப்பார். அவர் டப்பாவில் இருப்பதை அவள் குறை சொல்வாள். இரண்டிலும் இருப்பது ஒன்றுதான், சமைத்ததும் அவர்தான் என்பது இருவருக்கும் தெரியும். அந்த அரைமணி நேரம் இல்லாத நாளை நடுவால் யோசித்தே பார்க்க முடியவில்லை.

இப்போது நிலைமை என்னவென்றால், புகார்ப் பிரிவு தோற்றால் அவர் போக வேண்டும். ஜெயித்தால் அவள் போக வேண்டும். எதற்காக ஆடுவது என்று அவருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

பயிற்சிக்குக் கிடைத்தவர் லிப்ட்காரர். லிப்ட் நின்று நான்கு வருஷம் ஆகிறது. லிப்ட்காரர் வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நின்றுபோன லிப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தபாலும் கோப்பும் மேசைக்கு மேசை கொண்டுபோவார். சின்ன வயதில் ஏதோ தொழிற்சாலை அணிக்கு ஆடியவர். ஐவரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தவுடனேயே அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஆளுக்கு ஆள் துரத்தி ஓட உங்களால ஆகாது சார். நாலு நிமிஷத்துல ஆம்புலன்ஸ் வரும். அதனால ஜோன் டிஃபென்ஸ். முன்னால ரெண்டு பேரு, பின்னால மூணு பேரு. ஆளுக்கு ஒரு இடம். ஆளப் பாக்காதீங்க, இடத்தப் பாருங்க. உங்க இடத்துக்கு வர்ற பந்தத் தடுங்க, போதும். ஒண்ணே ஒண்ணு, இடத்த மட்டும் விடாதீங்க. நீங்க இடத்த விட்டா, அந்த இடத்துக்கு வேற ஆள் வந்துருவாங்க."

"இதுக்கு எதுக்குய்யா பயிற்சி?" என்றார் தெற்கு. பருத்த மனிதர். உட்காரும் வாய்ப்பு எங்கே கிடைத்தாலும் விடமாட்டார். "இருபது வருஷமா நாங்க இதத்தானே பண்றோம்."

உண்மைதான். அதுதான் வினையாகவும் போயிற்று.

எல்லைத் தகராறு தீர, மறுநாள் நடு ஒரு யோசனை சொன்னார். தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, ஐந்து இடத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். போட்டார்கள். பத்து நிமிஷத்தில் முன்வரிசையில் புதுத் தகராறு. அங்கே நின்ற கிழக்கும் மேற்கும் மைத்துனர்கள். ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் இருவருக்கும் மறந்துபோய்விட்டது, பேசக் கூடாது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

"நடு சார், அவர்கிட்ட சொல்லுங்க, அவர் செருப்பு என் எல்லைக்குள்ள இருக்கு," என்றார் மேற்கு.

"நடு சார், செருப்புதான் இருக்கு, கால் உள்ள இல்லன்னு அவர்கிட்ட சொல்லுங்க," என்றார் கிழக்கு.

நடு இரண்டையும் சொல்லி முடிப்பதற்குள் லிப்ட்காரர் இரண்டு பந்து போட்டுவிட்டார்.

"சரி, கோட்டு மேலயே வர்ற பந்த என்ன பண்றது?" என்று கேட்டார் வடக்கு அம்மா. ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது அவருக்கு. எதையும் தெளிவில்லாமல் விட்டுப்போக விரும்பாதவர்.

இதற்கு ஆபீசிலேயே விதி இருந்தது. எல்லைத் தெருப் புகாரை யாராவது கட்டாயம் எடுத்தே ஆகவேண்டிய நாளில், ஒற்றைப்படை எண் ஒருவருக்கு, இரட்டைப்படை எண் அடுத்தவருக்கு. பந்துக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து ஐவரும் பந்தைத் தடுப்பதை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

"இது பதினேழு. உங்களுது."

"பதினெட்டு. இடையில ஒண்ணு தரையில பட்டு வந்துச்சே."

"தரையில பட்டா அது புது நம்பரா, பழைய நம்பரோட தொடர்ச்சியா?"

லிப்ட்காரர் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவிக்கொண்டும் வந்துவிட்டார்.

"விதியெல்லாம் வேணாம் சார்," என்றார் கடைசியில், குரல் கம்மி. "சந்தேகமா இருந்தா எல்லாருமே ஓடுங்க."

ஓடினார்கள். ஐந்து பேரும் ஒரே புள்ளிக்கு, ஒரே நேரத்தில். வடக்கு அம்மாவின் கண்ணாடி கிழக்கின் சட்டைப் பைக்குள் போயிற்று. தெற்கின் கால் கட்டைவிரலை மூன்று பேர் மிதித்தார்கள். பந்து மட்டும் அங்கே இல்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இவர்கள் சாணே ஏறவில்லை, சறுக்கல் மட்டும் முழம் முழமாக நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் நடு வீட்டுச் சமையலறைத் தரையில் நாலு டம்ளரும் ஒரு சொம்பும் பரப்பி, எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார். மனைவி நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"இதுல நீங்க எது?"

"சொம்பு."

"பொருத்தமாத்தான் வெச்சிருக்கீங்க." குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, சொம்புக்கும் ஒரு டம்ளருக்கும் சரிபாதியில் வைத்தாள். "நான் இங்க வந்து நின்னா யாரு தடுப்பா?"

நடு டம்ளர்களை எண்ணிப் பார்த்தார். "அது வடக்கோட ஏரியா."

"வடக்கக் கேட்டா?"

"நடுவோடதுன்னு சொல்லுவாங்க."

"ம்," என்றாள். பழத்தை எடுத்துக்கொண்டு போய் ஜூஸ் பிழிந்தாள். பள்ளிக்கூட நாளில் ஆடியவள் அவள். எதிரணியின் பயிற்சி அத்தோடு முடிந்தது.

ஜூஸைக் கையில் வாங்கிக்கொண்டு நடு மெல்ல ஆரம்பித்தார். "நீ ஜெயிச்சா நான் அங்க போயிடுவேன்."

"நீங்க ஜெயிச்சா நான் போயிடுவேன்."

"அப்போ என்ன பண்றது?"

"ஆட வேண்டியதுதான். என்ன நம்பி நாலு பேர் இருக்காங்க. உங்களயும் யாரோ நம்புறாங்க போல இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் காலி கிளாஸை அவர் கையிலிருந்து வாங்காமலேயே போய்விட்டாள். அது அவள் வழக்கம் இல்லை.

நடுவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. விடியும்போது வழி புலப்பட்டது. அவரே இணைப்புப் பிரிவுக்கு மாறிவிட்டால்? அப்புறம் யார் ஜெயித்தால் என்ன, அவள் பிரிவு இருக்கிற இடத்தில் அவர் இருப்பார். போன மாதம்தான் அங்கே ஒருவர் ஓய்வுபெற்று மேசை ஒன்று காலியாகவே கிடந்தது.

அவளிடம் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை இதே யோசனையை விளையாட்டாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். "வீட்லயும் உங்க மொகம், ஆபீஸ்லயும் உங்க மொகமா?" என்று கேட்டாள். அவளும் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் நடு பதினோரு வருஷமாக அதை மனசுக்குள் பத்திரமாகக் கோப்பில் கட்டி வைத்திருந்தார்.

"சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நின்றுபோன லிப்டுக்குள் நுழைந்தார்.

"இது அதிகாரி மேசைக்குப் போகணும். யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமா எங்க வீட்ல."

லிப்ட்காரர் காகிதத்தை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"என்னய்யா?"

"சொல்லலாமா வேணாமான்னு இருக்கு சார்."

"என்னன்னு சொல்லு."

"வேணாம் சார். ரகசியம்னா ரகசியம்தான். எல்லாப் பக்கத்துத் தபாலும் என் கைலதான் வருது. நான் வாயத் திறந்தா இந்த ஆபீஸ் தாங்குமா?" பெருமூச்சு விட்டார். "காலி இடம் இருந்தா உடனே கையெழுத்தாகும். இல்லன்னா காகிதம் இங்கயே என்கூட உக்காந்திருக்கும்."

நடு லேசான மனசோடு வெளியே வந்தார். மேசையில் வடக்கு அம்மா அவருக்கும் சேர்த்து முழங்கால் பட்டை வாங்கி வைத்திருந்தார். "நம்ம அஞ்சு பேரும் கடைசி வரைக்கும் ஒண்ணா இங்கயே இருக்கணும் நடு," என்றார். பட்டையை மாட்டிக்கொண்டபோது நடுவுக்கு முழங்காலை விட நெஞ்சு அதிகமாக இறுகியது. இவர்களை விட்டுத்தான் போகப் போகிறோம், குறைந்தபட்சம் ஜெயித்துக் கொடுத்துவிட்டாவது போகவேண்டும் என்று முடிவுகட்டினார்.

போட்டி நாளில் அலுவலகம் முழுவதும் பம்ப் அறைச் சுவர் மேலும் குழாய்க் குவியல் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது. பத்துப் புள்ளி முதலில் எடுப்பவர் ஜெயிப்பார், கூடைக்கு இரண்டு புள்ளி. விசில் அதிகாரியின் வாயில்.

மனைவி வந்தாள். நேராகப் போய் நடுவுக்கும் வடக்கு அம்மாவுக்கும் சரிபாதியில் நின்றாள். எலுமிச்சம்பழம் இருந்த அதே இடம். நடு வடக்கைப் பார்த்தார். வடக்கு நடுவைப் பார்த்தார். பந்து உள்ளே போயிற்று.

"நடு சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்று லிப்ட்காரர் கத்தினார்.

தள்ளி நின்றார். அவள் அந்தப் பக்கம் போனாள். நடுவின் கால்கள் அவரைக் கேட்காமலே அவள் பின்னால் போயின. பத்தொன்பது வருஷப் பழக்கம், ஒரு விசிலுக்கு நிற்குமா? மூலை வரைக்கும் போய்விட்டார்.

"எதுக்கு இங்க வந்தீங்க? உங்க இடம் அங்க இல்ல?" என்றாள் அவள், மூச்சு வாங்க.

"சும்மா."

"சும்மாவா?"

"உன் முழங்கால் பட்டை இறுக்கமா இருக்கான்னு கேக்கலாம்னு."

சட்டென்று திரும்பி, அவர் விட்டுவிட்டு வந்த இடத்துக்கே ஓடிப்போய் நின்று, வந்த பந்தை வாங்கிக் கூடைக்குள் போட்டாள். சுவர் மேலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லிப்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்மாவப் பாக்காதீங்க சார், இடத்தப் பாருங்க. நீங்க இடத்த விட்டா அந்த இடத்துக்கு அம்மா வந்துருவாங்க."

அதற்குப் பிறகு நடு கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். நிஜமாகவே மூடிக்கொண்டு. அவளைப் பார்த்தால்தானே பின்னால் போகத் தோன்றும்? கண்ணை மூடிக் கையைத் தூக்கி நின்றவர் மேல் மூன்று பந்துகள் தாமாக வந்து மோதித் திரும்பின. புகார்ப் பிரிவு விழித்துக்கொண்டது. உட்கார்ந்தபடியே தெற்கு எறிந்த ஒன்று உள்ளே விழுந்தது. வடக்கு அம்மா, எட்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர், இரண்டு போட்டார். எப்படியோ எட்டுக்கு எட்டு.

கடைசிப் பந்து. இணைப்புப் பிரிவுக்காரர் ஒருவர் முன்வரிசையை நோக்கி ஓடிவந்தார். கிழக்கு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது யாரும் எதிர்பாராதது நடந்தது. மேற்கு வாயைத் திறந்தார்.

"மச்சான், உன் பக்கம் வருது பாரு."

ஏழு வருஷத்தில் முதல் வார்த்தை. கிழக்கு திரும்பினார். பந்தைப் பார்க்கவில்லை, மேற்கைப் பார்த்தார். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அப்படியே நின்ற இருவருக்கும் இடையில் பந்து மரியாதையாகக் கடந்துபோய், நடுவுக்கும் வடக்குக்கும் சரிபாதியில் நின்ற மனைவியின் கையில் சேர்ந்தது.

"உங்க ஏரியா," என்றார் வடக்கு அம்மா.

"உங்களுது," என்றார் நடு, கண்ணைத் திறந்து.

பத்துக்கு எட்டு. அதிகாரி விசில் ஊதினார்.

புகார்ப் பிரிவு மூட்டை கட்டத் தொடங்கியது. கிழக்கும் மேற்கும் ஏழு வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள், தோற்றதே அவர்களுக்குத் தெரியவில்லை. வடக்கு அம்மா தன் மேசை மூலையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "புது இடத்துலயும் நீங்கதான் நடு," என்று தோளைத் தட்டினார் தெற்கு. நடுவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முதுகில் குத்தியவன் போல இருந்தது. ஆனாலும் அடிமனசில் ஒரு மூலையில், சொன்னால் வெட்கக்கேடு, சந்தோஷம் கொப்புளித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம், பம்ப் அறைக்குப் பின்னால், அதே பெஞ்ச். நடுவின் காலடியில் ஒரு பை. அதில் அவருடைய டீ கோப்பை, நாற்காலித் திண்டு, மேசைக் காலண்டர். அவள் காலடியிலும் ஒரு பை இருந்தது.

"அது என்ன?" என்றார்.

"சும்மா. மேசையத் தூசி தட்டினேன்." அவளும் என்னவோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். ஜெயித்தவள், சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

லிப்ட்காரர் மெதுவாக வந்தார். கையில் இரண்டு பழுப்பு உறைகள். மேலே இருந்ததை நடுவிடம் நீட்டினார். நடு பிரித்து, ஒரு வரி படித்து, அப்படியே அவள் மடியில் வைத்தார்.

"படி."

படித்தாள். சிரிப்பு எங்கேயோ போயிற்று.

"எங்க பிரிவுக்கா?"

"ஆமா. இன்னைலருந்து உனக்கு அடுத்த மேசை. ஆபீஸ்லயும் இதே மொகமான்னு திட்டாத. ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப்போய் என்னால சாப்பிட முடியாது."

அவள் திட்டவில்லை. தன் காலடியில் இருந்த பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "யாரு கேட்டா உங்கள?" என்றாள், குரல் உள்ளே போய். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்க இங்க வந்துட்டா அங்க உங்க மேசை?"

"காலிதான். யாராச்சும் வருவாங்க," என்றார் நடு, டப்பாவைத் திறந்தபடி, ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல பசியோடு. "யார் பெத்த பிள்ளையோ பாவம், தினமும் பஸ்ல இடிபட்டுப் போகணும்."

லிப்ட்காரர் இரண்டாவது உறையை வேட்டி முனையில் ஒருமுறை துடைத்து, அவளிடம் நீட்டினார்.

"அம்மா மூணு வாரம் முன்னாடியே உங்க பிரிவு கேட்டு எழுதிக் குடுத்தது, இடம் காலியில்லாம என் லிப்டுலயே கிடந்துச்சு, உங்க மேசை காலியானதும் கையெழுத்தாயிருச்சு, தலையில அடிச்சுக்கிட்டேனே சார், நீங்க இடத்த விட்டா அந்த இடத்துக்கு அம்மா வந்துருவாங்கன்னு."